ஜூன் பதினேழாம் பக்கம்

மே 31, ஞாயிறு

தம்பிக்கு,

ஸ்தோத்திரம், சுக விசாரிப்பு எல்லாம் கடைசியில் இடம் மிச்சம் இருந்தால் எழுதுகிறேன். முதலில் உன்னைத் திட்ட வேண்டியிருக்கிறது.

இன்று ஆராதனை முடிந்ததும் வாசலில் உங்கள் தியானப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, நாளுக்கு ஒரு பக்கம். அன்றன்றைய பக்கத்தை அன்றன்றுதான் வாசிக்க வேண்டும் என்று முன்னுரையில் போடுகிறீர்கள். எங்கள் சபைப் பெண்களிடம் அது நடக்குமா? பேருந்து நிறுத்தத்திலேயே பாதிப் புத்தகத்தை முடித்துவிட்டார்கள். நானும்தான். நீ எழுதிய பக்கங்களை மட்டும் தேடிப் பார்த்தேன்.

ஜூன் பதினேழாம் பக்கத்தைப் பார்த்ததும் வந்த பேருந்தை விட்டுவிட்டேன். "மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்யும் ஒரு சகோதரி" என்று ஆரம்பிக்கிறாய். கூட வேலை செய்கிறவளின் அவசரத்தால் இஸ்திரி உருளையில் சகோதரியின் இடது கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரல்கள் இனி மடங்காது. ஆனாலும் சகோதரி ஒரு மத்தியான இடைவேளையில் அவளைத் தேடிப் போனாள். கட்டுப் போட்ட கையாலேயே அவள் கையைப் பிடித்து, 'உன்மேல் எனக்கு ஒன்றுமில்லை' என்றாள். இருவரும் கண்ணீர் விட்டார்கள். பிறகு ஒரு வசனம், ஒரு ஜெபம், ஆமென்.

எப்போதடா போனேன்? எந்த மத்தியானம்? நான் அவளோடு பேசி நாலு மாதமாகிறது. எதிரே வந்தால் அழுக்குத் துணி வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வழியாகப் போகிறேன்.

நீ என்னைப் பற்றி எழுதுவது புதிதில்லை. தலையணை உறையோடு வந்துவிட்ட ஒரு பெரியவரின் பல்செட்டை நானூறு உறைகளை உதறித் தேடிக் கண்டுபிடித்தேன் என்று சொன்னேன். அதைக் காணாமல் போன வெள்ளிக்காசு உவமையோடு சேர்த்து எழுதினாய். பல்செட்டுக்கும் வசனம் கண்டுபிடித்த ஆள் நீ ஒருவன்தான்! அதைப் படித்து நானும் உன் அத்தானும் சிரித்தோம், பெருமையாகவும் இருந்தது. ஆனால் அதெல்லாம் நடந்தவை.

உன் போனை நான் எடுக்கப் போவதில்லை. பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் அப்படியே கிடக்கும். எழுது. எழுதுவதுதானே உன் வேலை.

எல்லோரும் சுகம்.

அக்கா

---

ஜூன் 4

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மூன்று தரமும் நீ சொன்னதுதான் சரி என்று பட்டது.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். சாக்குப்போக்கு என்று நினைக்காதே, கொஞ்சம் சாக்குப்போக்குதான். எங்கள் புத்தகத்துக்கு நாலு மாதம் முன்பே எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஜூன் மாதத்து வெயிலைப் பிப்ரவரியில் எழுதுகிறவன் நான். ஒரு பக்கத்துக்கு இருநூற்று முப்பது வார்த்தை. மேலே வசனம், நடுவே சம்பவம், கீழே 'இன்று செய்ய வேண்டியது', கடைசியில் ஒரு வரி ஜெபம். முடிவு இல்லாத சம்பவத்தை எங்கள் ஆசிரியர் ஏற்கமாட்டார். "ஜனங்க காலையில டீ குடிக்கறதுக்கு முன்னாடி படிக்கறாங்க தம்பி. பாதியில விட்டா நாள் பூரா நெஞ்சுல முள்ளு மாதிரி இருக்கும்" என்பார்.

பிப்ரவரியில் நீ எழுதிய கடிதத்தின் கடைசியில், "மனசு ஆறட்டும், பார்க்கலாம்" என்று இருந்தது. நீ 'பார்க்கலாம்' என்றால் பாதி நடந்துவிட்டது என்று அர்த்தம். நான் உன் மூக்குக்கண்ணாடியை உடைத்தபோதும் 'பார்க்கலாம்' என்றுதான் சொன்னாய். சாயங்காலமே பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்கு சொல்லிக்கொடுத்தாய், ஒற்றைக் கண்ணாடியோடு. அதனால் ஜூனுக்குள் நடந்துவிடும் என்று நினைத்தேன். சத்தியமாக வேறு ஒன்றும் இல்லை. உலகத்தில் யாரை நம்பி நான் முன்கூட்டி எழுதுவேன் என்று யோசித்தால் நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

பன்னிரண்டாயிரம் பிரதி போய்விட்டது. திரும்ப வாங்க வழியில்லை.

அக்கா, ஒன்று சொல்லட்டுமா? கோபப்படாதே. பதினேழாம் தேதிக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. ஒருவேளை அதற்குள் உனக்கே மனசு வந்தால், அந்தப் பக்கம் பொய்யாகவும் இருக்காது. அவசரமில்லை. சும்மா சொன்னேன்.

அத்தானுக்கும் சின்னவளுக்கும் என் அன்பு.

தம்பி

---

ஜூன் 8

தம்பிக்கு,

நன்றாக இருக்கிறதடா உன் நியாயம்! அச்சடித்துவிட்டாயாம், அதனால் நான் மன்னிக்க வேண்டுமாம். கல்யாணப் பத்திரிகையை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேட்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். உன் அத்தான் கடிதத்தைப் படித்துவிட்டு, "உன் தம்பி நல்லவன்தான். ஆனா உலை வைக்கறதுக்கு முன்னாடியே பந்தி போட்டுடறான்" என்றார். அவர் வாயிலிருந்து வாரத்துக்கு ஒரு வாக்கியம்தான் வரும். இந்த வார வாக்கியம் அது.

அவளை நாங்கள் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவோம். நடக்க மாட்டாள், ஓடுவாள். தெரியாதவள் இல்லை, ஏழு வருஷம் என்னோடு உருளையின் மறுபக்கம் நின்றவள், ஆலயத்திலும் எனக்கு மூன்று வரிசை பின்னால் உட்காருகிறவள். அந்த இயந்திரத்தில் ஒரே ஒரு சட்டம்தான். படுக்கை விரிப்பு சுருண்டால் நிறுத்த வேண்டும். நிறுத்தினவள்தான் திரும்ப ஓட்ட வேண்டும். அன்றைக்கு நான் நிறுத்தினேன். சுருக்கத்தை இழுத்துக்கொண்டிருந்தேன். அவள் பொத்தானை அழுத்திவிட்டாள்.

அதை அவள் வேண்டுமென்று செய்யவில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். வார்டில் படுத்திருந்தபோதே அதை விட்டுவிட்டேன். சரி, கை தவறியது. மனுஷிதானே.

விசாரணையில் நடந்ததுதான் தொண்டையில் நிற்கிறது. பிப்ரவரியிலேயே உனக்கு எழுதினேன், மறுபடியும் சொல்கிறேன். மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் கேட்டார்கள். "மெஷின் நிக்கவே இல்ல சார். ஓடும்போதே அக்கா கைய உள்ள விட்டாங்க" என்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். 'ஊழியரின் சொந்தக் கவனக்குறைவு' என்று என் பெயருக்கு நேராக எழுதினார்கள். பதினெட்டு வருஷம், தம்பி. ஒரு கீறல் இல்லாமல் பதினெட்டு வருஷம் அந்த உருளையில் வேலை செய்தவள் நான். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டி, "இவங்க மாதிரி நில்லு" என்பார் சூப்பர்வைசர். இப்போது துண்டு மடிக்கிற மேஜையில் இருக்கிறேன்.

விரலை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். பொய்யைத்தான் முடியவில்லை. நீயோ அந்தப் பொய்யை ஒரு வரிகூட எழுதவில்லை! இருநூற்று முப்பது வார்த்தையில் இடம் இல்லையோ? மன்னிக்க வேண்டிய விஷயத்தை விட்டுவிட்டு மன்னிப்பை மட்டும் எழுதியிருக்கிறாய்.

இன்னொன்று. நீ போட்ட வசனத்தை எடுத்துப் படி. பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவரும்போது, உன் பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று இருக்கிறது. யாருக்கு யார் பேரில் குறை? எனக்குத்தானே அவள் பேரில் குறை? அப்படியானால் எழுந்து போக வேண்டியது யார்? அடிபட்டவளா? நீ முந்நூறு பக்கம் எழுதினவன், இதைக்கூடப் பார்க்க மாட்டாயா?

ஆலயத்தில் எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். மடங்காத விரலோடு சலவைப் பிரிவில் வேறு யார் இருக்கிறார்கள்? நேற்று ஒவ்வொருத்தியாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். "உங்கள மாதிரி எங்களால முடியுமா?" என்கிறார்கள். போதகர், வருகிற பதினான்காம் தேதி ஆராதனையில் நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று நிகழ்ச்சிநிரலில் போட்டுவிட்டார். நான் வாயைத் திறந்து 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் உன் பெயர் கெடும். அதனால் ஊமை மாதிரி நின்றேன்.

இப்போது சொல். ஞாயிற்றுக்கிழமை நான் கர்த்தர் சந்நிதியில் நின்று பொய் சொல்ல வேண்டுமா, உன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டுமா? ஒரு பொய்யால் நான் பட்டது போதாதா? இன்னொரு பொய்யை நீ என் கையில் கொடுத்திருக்கிறாய், அதுவும் ஆமென் போட்டு.

சின்னவளுக்குத் தலை பின்ன முடியவில்லை. அவளே பின்னிக்கொண்டு, "நல்லாத்தான்மா இருக்கு" என்கிறாள். வகிடு வாய்க்கால் மாதிரி வளைந்து கிடக்கிறது.

அக்கா

---

ஜூன் 11

அக்கா,

ஆசிரியரிடம் போனேன். அடுத்த புத்தகத்தில் திருத்தம் போடக் கேட்டேன். மனுஷர் சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னன்னு போடுவீங்க? 'ஜூன் பதினேழாம் பக்கத்தில் வரும் சகோதரி மன்னிக்கவில்லை, வருந்துகிறோம்'னா?" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். நாலு மாதக் கெடுவும் இருநூற்று முப்பது வார்த்தையும் காரணமில்லை. நீ மன்னிக்காமல் இருந்துவிடுவாயோ என்று எனக்குப் பயம். என் முந்நூறு பக்கத்தில் பாதி உன்னிடமிருந்து எடுத்தது. வசனங்களை நான் புத்தகத்தில் படித்தேன். அவை நடமாடுவதை உன்னிடம்தான் பார்த்தேன். உன்னாலேயே முடியவில்லை என்றால் நான் எழுதியதற்கெல்லாம் என்ன மதிப்பு? அதனால்தான் உனக்கு முன்னால் ஓடிப்போய் முடிவை எழுதினேன். உன்மேல் வைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டு செய்தேன். அது மரியாதையே இல்லை, அக்கா. உன் வலியைக் கேட்காமல் உனக்கு மாலை போட்டேன்.

நீ சொன்ன மாதிரி வசனத்தை எடுத்துப் படித்தேன். எத்தனை தரம் அதை வைத்துப் பிறருக்குப் புத்தி சொல்லியிருப்பேன்! நீ கேட்டாயே, யாருக்கு யார் பேரில் குறை என்று. அவசரத்தின் கதை எனக்குத் தெரியாது. என் அக்காவுக்கு என் பேரில் குறை இருக்கிறது. அது தெரிந்தும் நான் காணிக்கை செலுத்துகிறேன் என்று மேஜையில் உட்கார்ந்து தாளைக் கறுப்பாக்கிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபருக்கு இன்னும் பதினொரு பக்கம் பாக்கி. பேனாவையும் தாளையும் அப்படியே மேஜையில் வைத்துவிட்டு எழுந்திருக்கிறேன். சனிக்கிழமை பேருந்துக்குச் சீட்டு எடுத்தாயிற்று. நிகழ்ச்சிநிரலில் உன் பெயர் இருக்கிற இடத்தில் என்னை நிற்கவிடு.

தம்பி

---

ஜூன் 19

தம்பிக்கு,

போய்ச் சேர்ந்திருப்பாய். உன்னைப் பேருந்து ஏற்றிவிடும்போது ஒரு வார்த்தையும் பேசாமல் கையில் ரொட்டிப் பொட்டலத்தைத் திணித்துவிட்டு வந்தேன். பேசியிருந்தால் நடுத்தெருவில் அழுதிருப்பேன். அந்தச் சந்தோஷத்தை உனக்கு எதற்குக் கொடுப்பது?

இப்போது எழுதுகிறேன். நீ முன்னால் போய் நின்றாய். "பதினேழாம் பக்கத்துல நான் எழுதினது நடக்கல. எங்க அக்கா அப்படிச் செய்யல. செய்யணும்னு அவங்களுக்குக் கட்டாயமும் இல்ல. நடந்ததுல முக்கியமான பாதியையும் நான் விட்டுட்டேன். அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்ல. பொய் எழுதினவன் நான், அக்கா இல்ல" என்றாய். அவ்வளவுதான். வசனம்கூடச் சொல்லவில்லை. உன் வாழ்க்கையிலேயே மிகச் சின்ன பிரசங்கம் அதுதான், எனக்குத் தெரிந்து மிக நல்லதும் அதுதான். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பெண்கள் முகம் எப்படிப் போயிற்று என்று நீ பார்க்கவில்லை. பாதிப் பேர் உன்மேல் கோபம், மீதிப் பேர் என்மேல் கோபம். 'மன்னிக்கலையாமே!' என்று பின்னால் முணுமுணுத்தார்கள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. நாலரை மாதமாக மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தவள் விட்ட மாதிரி விட்டேன்.

இன்னொன்று. நீ அன்று காலையில் சின்னவளுக்குப் பின்னிவிட்ட பின்னலை அவள் செவ்வாய் வரை அவிழ்க்கவில்லை. கப்பல் கயிறு மாதிரி இருந்தது. "மாமா போட்டது" என்று சொல்லிக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள்.

இனிமேல்தான் விஷயம். புதன்கிழமை, உன் புகழ்பெற்ற பதினேழாம் தேதி. காலை ஏழு மணிக்கு எங்கள் பதினான்கு பேரையும் வரிசையாக நிறுத்தி சூப்பர்வைசர் வேலை பிரித்துக் கொடுப்பார். இன்றைக்கு என்ன கூத்து நடக்குமோ என்று எல்லோர் கண்ணும் என்மேல். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போகப்போவதில்லை, பேசப்போவதில்லை என்று முடிவோடு வந்திருந்தேன்.

அவசரம் வரிசையிலிருந்து வெளியே வந்தாள். ஓடவில்லை, நடந்து வந்தாள். அவள் நடந்து நான் பார்த்ததே இல்லை. சூப்பர்வைசர் முன்னால் நின்று, "சார், அன்னிக்கு அக்கா மெஷினை நிறுத்திட்டாங்க. நான்தான் பார்க்காம ஓட்டினேன். விசாரணையில பொய் சொன்னேன். எழுதிக்குங்க" என்றாள்.

அவருக்கு எரிச்சல். "முடிஞ்சுபோன கேஸைக் கிளறி இப்ப என்னம்மா ஆகப்போகுது? உன் வேலைக்கே உலை வெச்சுக்கப் போறியா?"

"முடியல சார். நான் பொய் சொன்னதால முடிஞ்ச மாதிரி இருக்கு."

தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். உருளைகூட அன்றைக்கு இருபது நிமிஷம் தாமதமாகத்தான் ஓடியது.

பிறகு உடை மாற்றும் அறையில் அவளைப் பிடித்தேன். நாலரை மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. "ஏன் சொன்ன?" என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே வந்துவிட்டது.

"உங்க தம்பி புஸ்தகத்துல எனக்கு மன்னிப்பு போட்டிருந்துச்சுக்கா. ரெண்டு வாரமா அதையே படிச்சேன். நீங்க என் கையப் புடிக்கற இடத்தைப் படிச்சுப் படிச்சு அழுவேன். அது எனக்கு வேணும்னு இருந்துச்சு. ஆனா வேற வார்டு முத்திரை போட்ட துணிய எடுத்து வெச்சுக்கிட்ட மாதிரியே இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை அவர் நடக்கலைன்னு சொன்னப்ப, எங்கிட்ட இருந்து புடுங்கிட்டாங்கன்னு முதல்ல கோபம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். அது எப்ப என்னுது?"

கட்டிப் பிடித்தேன் என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய். பிடிக்கவில்லை. "சரி, போய் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு என் மேஜைக்கு வந்துவிட்டேன்.

ஆனால் தம்பி, ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் நிலையை நினைத்துப் பார். உன் பக்கத்தில் அவளுக்கு மன்னிப்பு கிடைத்திருந்தது, பன்னிரண்டாயிரம் பிரதியில். பொய் யாருக்கும் தெரியாது. நீ சபையில் பேசியபோதும் அவள் பெயரை எடுக்கவில்லை. நானும் இனி வாய் திறக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். கம்மென்று இருந்திருக்கலாம். யாரும் கேட்காதபோது, பதினான்கு பேர் நடுவில், தன் வாயாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்தாளே! நானாக இருந்தால் செய்திருப்பேனா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். செய்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. மன்னிப்பு இன்னும் வரவில்லை. அதற்கு முன்னாலேயே அவள்மேல் மரியாதை வந்துவிட்டது. இப்படி வரிசை மாறி வரும் என்று நீ எந்தப் பக்கத்திலும் எழுதவில்லையே!

அக்கா

---

ஜூன் 24

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்துவிட்டேன், தப்பு. பக்கத்து மேஜைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் சபையில் பேசியது ஆசிரியர் காதுக்கு எனக்கு முன்பே வந்துவிட்டது. அடுத்த இரண்டு புத்தகத்துக்கு என் பக்கங்கள் வேண்டாம் என்றார். ஆறு மாதம் நான் பழையபடி பிழைதிருத்துகிறவன். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "நடந்ததை நடந்த மாதிரி எழுதற ஆளு திரும்பி வரணும்னுதான் சொல்றேன்" என்றார். எனக்கு வருத்தமே இல்லை, கேள். மற்றவர்கள் எழுதிய பக்கங்களை இப்போது நிதானமாகப் படிக்கிறேன். கண்ணீரோடு முடிகிற சம்பவம் வந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கிறேன். நாலு பேருக்கு என்மேல் கடுப்பு.

நான் இத்தனை வருஷம் உன்னைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவசரத்தை நான் எப்படி எழுதியிருந்தேன் தெரியுமா? சகோதரி வந்து மன்னிப்பதற்காக ஓரத்தில் நிற்கிற ஆள். அழுவதைத் தவிர அவளுக்கு நான் ஒரு வேலையும் கொடுக்கவில்லை. என் பக்கத்திலேயே பெரிய ஆள் அவள்தான் என்பது எனக்குத் தெரியவே இல்லை.

அவளை மன்னித்துவிட்டாயா? பக்கத்துக்காகக் கேட்கவில்லை. எழுதமாட்டேன். உன் தம்பியாகக் கேட்கிறேன். பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தம்பி

---

ஜூலை 10

தம்பிக்கு,

பதில் எழுதப் பதினைந்து நாள் ஆனது. நீ கேட்ட கேள்வி அப்படி.

முதலில் செய்தி. மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. என் பெயருக்கு நேரே இருந்த 'சொந்தக் கவனக்குறைவு' என்ற வரியை அடித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு அந்தக் காகிதத்தைக் காட்டினார். சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் தேதி, கையெழுத்து. நான் அதை நாலு தரம் தடவிப் பார்த்தேன். "திரும்ப உருளைக்கு வர்றீங்களா?" என்று கேட்டார். போய் நின்று பார்த்தேன். இரண்டு விரல் விரிப்பைப் பிடிக்க மாட்டேன் என்கிறது. பத்து நிமிஷத்தில் நானே இறங்கிவிட்டேன். வருத்தம்தான். ஆனால் இப்போது விரலுக்கு மட்டும்தான் வருந்த வேண்டும், பெயருக்கு இல்லை.

அவசரத்தை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு வருஷத்துக்கு இயந்திரங்களைத் தொடக் கூடாது என்று தண்டனை. எங்கே போட்டார்கள் தெரியுமா? துண்டு மடிக்கிற மேஜையில். எனக்கு நேர் எதிரே. எட்டு மணி நேரம், முகத்துக்கு முகம். அழுக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடவும் வழியில்லை. ஆண்டவருக்கு வேடிக்கை பார்க்கிற குணம் உண்டு என்று நீ ஒரு பக்கம் எழுது.

முதல் நாள் அரை நாள் பேச்சில்லை. துண்டை நாலாக மடி, மூன்றாக மடி, அடுக்கு. மத்தியானத்துக்கு மேல் அவள் தலை தூக்காமலே, "அக்கா, என்னை மன்னிச்சிட்டீங்களா?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். காலையில் உத்தரவைப் பார்த்தபோது மன்னித்திருந்தேன். பத்து மணிக்கு உருளையிலிருந்து இறங்கினபோது திரும்ப எடுத்துக்கொண்டேன். சாப்பிடும்போது மறுபடி கொடுத்தேன். இதை எப்படிச் சொல்வது? "இன்னிக்கு மன்னிச்சிட்டேன். நாளைக்கு வந்து கேளு" என்றேன். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

மறுநாள் வந்து கேட்டாள்! மேஜையைத் துடைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, "அக்கா, இன்னிக்கு?" என்றாள். "ம்" என்றேன். அதற்கு அடுத்த நாளும் கேட்டாள். ஒரு நாள் மழைக்குளிரில் விரல் குத்திக்கொண்டிருந்தது. "இப்ப முடியாது, சாயங்காலம் கேளு" என்றேன். சாயங்காலம் கேட்டாள். அன்றைக்குக் கொடுக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொடுத்தேன்.

ஆண்டவர் சொல்லிக்கொடுத்த ஜெபத்தில் அப்பம் கேட்கிறோம், அடுத்த வரியிலேயே மன்னிப்பைக் கேட்கிறோம். நாற்பது வருஷமாக ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறேன். இரண்டையும் ஏன் பக்கத்தில் வைத்தார் என்று இந்த மேஜையில்தான் எனக்குப் புரிந்தது. நேற்றுத் தின்ற அப்பம் இன்றைய பசிக்கு ஆகாது. ஒரே தரம் மன்னித்து முடித்துவிட வேண்டும் என்று நினைத்ததால்தான் நாலரை மாதம் என்னால் ஆரம்பிக்கவே முடியவில்லை. ஒரு நாளைக்கு என்றால் முடிகிறது. இதை நீ எழுதிக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்து. அவளிடமும் கேட்டுவிட்டு.

நேற்று அவள் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பியிருந்தாள். எதிர் நாற்காலி காலி. நிம்மதியாக மடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். வேலை ஓடவே இல்லை. மூன்றாக மடிக்க வேண்டியதை நாலாக மடித்தேன், பக்கத்து மேஜைக்காரி சிரித்தாள். மணி அடித்ததும் வீட்டுப் பேருந்தில் ஏறாமல் எதிர்த்திசைப் பேருந்தில் ஏறினேன். விசாரித்து விசாரித்து அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன், இரண்டாவது மாடி, பச்சைக் கதவு. தட்டினேன். போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து திறந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "என்னக்கா, என்ன ஆச்சு?" என்றாள்.

"இன்னிக்கு நீ கேக்கலையே" என்றேன்.

அக்கா